வரி இல்லாத வீடு

பிப்ரவரி மாதம் வந்தால் எங்கள் பள்ளிக்கூடத்து ஆசிரியர் அறையில் யாரும் யாரிடமும் கைமாற்று கேட்க மாட்டார்கள். கேட்டும் பயனில்லை. எல்லோருடைய சம்பளமும் வருமான வரியில் போயிருக்கும். இப்போது மாதாமாதம் கொஞ்சம் கொஞ்சமாகப் பிடிக்கிறார்கள் என்றாலும், வருடக் கடைசியில் விட்டது தொட்டது எல்லாவற்றையும் சேர்த்து ஒரு கை பார்த்துவிடுகிறார்கள். நான் பெரம்பலூரில் ஓர் அரசுப் பள்ளியில் கணக்கு டீச்சர். இருபத்தாறு வருட சர்வீஸ். பிள்ளைகளுக்குச் சதவீதம் நடத்தும்போது எனக்கு எடுத்துக்காட்டுக்குப் பஞ்சமே வந்ததில்லை.

சம்பளத்தில் பிடித்ததோடு விட்டால் பரவாயில்லை. மிச்சத்தை எடுத்துக்கொண்டு கடைக்குப் போனால் பிஸ்கட் பாக்கெட்டில் வரி, செருப்பில் வரி. வருடத்துக்கு இரண்டு தடவை தொழில் வரி. எங்கள் தெருவுக்குச் சாக்கடை வருகிறது வருகிறது என்று சொல்லிக்கொண்டே இருந்தார்கள். சாக்கடை வரவில்லை, வீட்டு வரியை ஏற்றி நோட்டீஸ்தான் வந்தது. திருச்சியில் படிக்கும் மகளைப் பார்க்கப் போகும்போது ஒருமுறை டோல்கேட்டில் காரின் கண்ணாடியை இறக்கி, வண்டி வாங்கும்போதே சாலை வரி கட்டிவிட்டோமே, அப்புறம் இது எதற்கு என்று கேட்டேன். "அதெல்லாம் எனக்குத் தெரியாதுங்க மேடம். பின்னாடி வண்டி நிக்குது பாருங்க" என்றார் அங்கே இருந்தவர். அவர் சொன்னதும் நியாயம்தான். அவரும் வீட்டுக்குப் போகும் வழியில் பிஸ்கட் வாங்கிக்கொண்டுதானே போவார்?

என் கணவர் பழைய பஸ் ஸ்டாண்டுக்குப் பக்கத்தில் பம்ப் செட் மோட்டார் கடை வைத்திருந்தார். மக்காச்சோளமும் சின்ன வெங்காயமும் போடுகிற விவசாயிகள்தான் வாடிக்கை. வருகிறவர்கள் மோட்டாரைத் தட்டிப் பார்ப்பதற்கு முன்பே, "பில்லு போட்டா எவ்வளவு, போடாட்டி எவ்வளவு?" என்பார்கள். "ரெண்டும் ஒண்ணுதாங்க" என்பார் இவர். அவர்கள் சிரித்துவிட்டு அடுத்த கடைக்குப் போய்விடுவார்கள். இவர் உட்கார்ந்து மாதாமாதம் ஆடிட்டருக்குக் கணக்கு அனுப்புவார். "ஊர்ல எல்லாரும் பொழைக்கத் தெரிஞ்சவங்க, நீங்கதான் அரிச்சந்திரன்" என்று நான் திட்டுவேன். அவர் கோபப்பட மாட்டார். வீட்டில் கோபம் முழுவதும் என் பொறுப்பில் இருந்தது.

தப்பித்துப் போவதற்கு நான் போடாத திட்டம் இல்லை. விருப்ப ஓய்வு கொடுத்துவிடலாம் என்று இரண்டு தடவை விண்ணப்பம் எழுதிக் கிழித்துப் போட்டிருக்கிறேன். செட்டிகுளத்துப் பக்கம் இரண்டு ஏக்கர் வாங்கி வெங்காயம் போடலாம் என்று ஒரு வருடம் முழுக்கப் பேசினேன். விவசாய வருமானத்துக்கு வரி கிடையாதல்லவா? சம்பளம் வேண்டாம், கடை வேண்டாம், எந்தப் படிவத்திலும் நம் பேர் இருக்கக் கூடாது. அவர் பொறுமையாகக் கேட்டுவிட்டு, "வெங்காயத்துக்கு வரி இல்லதான். பாதி வருஷம் வெலையும் இல்லியே" என்றார். அத்தோடு அந்தத் திட்டம் முடிந்தது.

அரசாங்கத்தை ஒன்றும் செய்ய முடியவில்லை என்றதும் என் கோபம் எனக்கு எட்டுகிற இடத்தில் போய் விழுந்தது. அதுதான் ஊர் வரி.

என் கணவருடைய ஊர் வரதராஜன்பேட்டைக்கு அந்தப் பக்கம் இருக்கிறது. அங்கே எங்கள் வீடு வருடம் முழுக்கப் பூட்டியே கிடந்தது. கத்தோலிக்கக் குடும்பங்கள். முந்திரியும் வாத்தியார்களும் விளைகிற ஊர் என்று கல்யாணமான புதிதில் கேலி செய்வேன். கோடையில் கோயில் திருவிழா. அதற்குத் தலைக்கட்டு வரி உண்டு. கல்யாணமாகித் தனிக்குடும்பமான ஒவ்வோர் ஆணும் ஒரு தலைக்கட்டு. தலைக்கட்டுக்கு இவ்வளவு என்று ஊர் கூடி முடிவு செய்வார்கள். ஈஸ்டர் முடிந்த வாரம், வெளியூரில் இருக்கிறவர்களிடம் வசூலிக்க மூன்று பேர் நோட்டும் ரசீதுப் புத்தகமும் எடுத்துக்கொண்டு பஸ் ஏறிவிடுவார்கள். அரியலூர், பெரம்பலூர், திருச்சி என்று வீடு வீடாக வருவார்கள். அதில் ஊர்க் கணக்கு எழுதுகிறவர் ஒருவர். ஐம்பது வயதிருக்கும், தபால் ஆபீசில் வேலை. மழையோ வெயிலோ, வருடம் தவறியதில்லை.

கட்டினால் என்ன கிடைக்கும்? தேருக்கு மறுநாள் காலைப் பூசைக்கு முன்னால், வரி கட்டிய தலைக்கட்டுகளின் பேரைக் கோயில் உபதேசியார் மைக்கில் வரிசையாக வாசிப்பார். இன்னார் குடும்பம், இன்னார் குடும்பம் என்று போகும். அவ்வளவுதான். "நாம அங்க தண்ணி குடிக்கல, ரோட்ல நடக்கல. பூட்டின வீட்டுக்கு எதுக்குங்க வரி?" என்று நான் கேட்பேன். "கட்டாட்டி பேரை எடுத்துருவாங்க" என்பார். "எடுக்கட்டுமே" என்பேன். வருடா வருடம் இதே பேச்சு, கடைசியில் அவர் கட்டிவிடுவார்.

ஒரு வருடம் அவர் கடையில் இருந்த நேரம் பார்த்து அவர்கள் வந்தார்கள். அது நான் முந்தின வாரம்தான் வீட்டு வரியைக் கட்டிவிட்டு வந்திருந்த சமயம். வாசலில் நிற்க வைத்தே சொன்னேன்: "இந்த வருஷத்திலேர்ந்து எங்களுக்கு வேண்டாம். எங்க பேரை எடுத்துடுங்க." கணக்கர் என் முகத்தைப் பார்த்தார். நோட்டை மூடிக் கக்கத்தில் வைத்துக்கொண்டு, "சரிங்க டீச்சர், சாரைப் பாத்துட்டுப் போறோம்" என்று கிளம்பினார். நேராகக் கடைக்குப் போயிருக்கிறார்கள். அவர் டீ வாங்கிக் கொடுத்துப் பணத்தையும் கட்டி அனுப்பிவிட்டார். சாயங்காலம் வந்து சிரித்துக்கொண்டே சொன்னார். நான் இரண்டு நாள் அவரோடு பேசவில்லை.

அதற்கு அடுத்த ஐப்பசியில் அவர் போய்விட்டார். காலையில் கடை திறக்கும்போது நெஞ்சு வலி. ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோவதற்குள் முடிந்துவிட்டது. ஊருக்குத்தான் கொண்டுபோனோம். ஜெயங்கொண்டம் தாண்டும்போதே கோயில் மணி அடிக்கத் தொடங்கிவிட்டார்கள் என்று ஃபோன் வந்தது. குழி வெட்டத் தலைக்கட்டு முறைப்படி ஆள் வந்திருந்தார்கள். நல்ல மழை. வெட்ட வெட்டக் குழியில் தண்ணீர் ஊறியது. பக்கெட்டில் மாற்றி மாற்றி இறைத்தார்கள். யாரும் என்னிடம் ஒரு வார்த்தை சொல்லவில்லை, ஒரு பைசா கேட்கவில்லை. கணக்கரும் வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு அந்தச் சேற்றில் நின்றது எனக்கு நினைவிருக்கிறது.

அப்புறம் ஒரு வருடம் அலைச்சல். இறந்த மனிதருக்காக வாரிசு என்று பதிவு செய்து அவருடைய வருமான வரிக் கணக்கை நான் தாக்கல் செய்தேன். கடையின் ஜிஎஸ்டி எண்ணை ரத்து செய்ய ஒரு கடைசிக் கணக்கு. ஆடிட்டர் ஆபீசில் உட்கார்ந்து கையெழுத்துப் போட்டுப் போட்டு, அழுவதற்குக்கூட நேரம் கிடைக்காமல் போனது. செத்தவரையும் விட மாட்டேன் என்கிறார்களே என்று அங்கே சொன்னபோது, ஆடிட்டர் தலை நிமிராமல், "அவருக்கு ரீஃபண்ட் வருது மேடம்" என்றார்.

அந்த அலைச்சலுக்கு நடுவில் ஈஸ்டர் வந்தது. அந்த வாரம் சனிக்கிழமை, ஊர் வரி வாங்க வருகிறவர்களுக்காக நான் மிக்சரும் பழமும் வாங்கி வைத்தேன். பணத்தை ஒரு கவரில் போட்டு அலமாரியில் வைத்தேன். என் கணவரைப் போலவே உட்கார வைத்து டீ கொடுத்து அனுப்ப வேண்டும், போன தடவை வாசலில் நிற்க வைத்ததற்கு ஒரு வார்த்தை சொல்ல வேண்டும் என்று நினைத்திருந்தேன். சனி போயிற்று, ஞாயிறும் போயிற்று. திங்கட்கிழமை, இரண்டு தெரு தள்ளியிருக்கும் அவருடைய பங்காளியின் மனைவியை மார்க்கெட்டில் பார்த்தேன். "வரி வாங்க வந்தாங்களா?" என்றேன். "வந்துட்டுப் போயிட்டாங்களேக்கா, சனிக்கிழமையே. எங்க வூட்லதான் சாப்டாங்க" என்றாள். சொல்லிவிட்டு என் முகத்தைப் பார்த்து, கையில் இருந்த கத்தரிக்காயைக் கூடையில் போடாமல் அப்படியே வைத்திருந்தாள்.

வீட்டுக்கு வந்து கணக்கருக்கு ஃபோன் செய்தேன். நான் அன்றைக்கு வாசலில் சொன்னதை மனத்தில் வைத்துக்கொண்டுதான் வரவில்லை என்று நினைத்தேன். மன்னிப்புக் கேட்கவே வாயைத் திறந்தேன்.

"அய்யய்யோ, அதுக்கு இல்லீங்க டீச்சர்" என்றார் அவர். "உங்களுக்கு வரி கெடையாது. புருஷன் இல்லாம, ஆம்பளப் புள்ளையும் இல்லாத வூட்டுக்கு ஊர்ல வரி போடறதில்ல. அந்தக் காலத்துலேர்ந்தே அப்படித்தான். நீங்க கவலப்படாம இருங்க."

இந்த வாழ்க்கையில் முதல் தடவையாக ஒருவர் என்னிடம் உனக்கு வரி இல்லை என்கிறார். நான் எத்தனை வருடமாகக் காத்திருந்த வார்த்தை அது! ஃபோனை வைத்துவிட்டு அலமாரியில் இருந்த கவரைப் பார்த்துக்கொண்டே நின்றேன். மகளிடம் சொன்னபோது, "ஜாலிதானேம்மா, ஒரு வரியாவது மிச்சம்" என்றாள். அவளுக்கு அப்பா பேர் மைக்கில் வாசிக்கப்படும்போது முதல் வரிசையில் நின்று காது கொடுத்துக் கேட்ட வயது ஒன்று இருந்தது. அவளே மறந்துவிட்டாள்.

எனக்கு மறக்க முடியவில்லை. பேர் இல்லை என்றால் குடும்பம் இல்லை என்றுதானே அர்த்தம்? நாளைக்கு இவளுக்குக் கல்யாணம் என்று வந்தால், கோயிலில் கல்யாண அறிவிப்பு ஓலை வாசிக்கும்போது எந்த வீட்டுப் பெண் என்று சொல்வார்கள்? என்னைக் கொண்டுபோனால் யார் முறைக்கு வந்து குழி வெட்டுவார்கள்? வருவார்கள், மனிதர்கள் நல்லவர்கள்தான். ஆனால் பாவம் என்று வருவதும் முறை என்று வருவதும் ஒன்றா? என் மகளுக்கு அந்த ஊரில் ஒரு வீடு இருக்கிறதா இல்லையா என்பதை இரண்டு தெரு தள்ளிச் சாப்பிட்டுவிட்டுப் போனவர்கள் முடிவு செய்துவிட்டார்கள்.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை விடியக்காலையில் பஸ் ஏறினேன். அரியலூரில் மாறி ஏறினால் வழியெல்லாம் சுண்ணாம்புக்கல் லாரிகள்; ஜன்னலைச் சாத்தினால் புழுக்கம், திறந்தால் புழுதி. புடவை முழுக்க வெள்ளையாகப் போய் இறங்கினேன். பூசை முடிந்து, கோயிலுக்குப் பக்கத்துப் புங்க மரத்தடியில் ஆண்கள் கூடியிருந்தார்கள். திருவிழாக் கூட்டம். நாட்டாமை பிளாஸ்டிக் நாற்காலியில் இருந்தார். அவர் என் மாமனாரோடு ஒன்றாகப் படித்தவர். கணக்கர் நோட்டோடு உட்கார்ந்திருந்தார். பெண்கள் அந்தக் கூட்டத்துக்குள் போகிற வழக்கம் இல்லை. நான் போனேன். எனக்கு ஒரு நாற்காலி போட்டார்கள்.

"எங்க வீட்டுக்கு வரி போடுங்க" என்றேன்.

யாரோ பின்னால் சிரித்தார்கள். "வேணாம்னு சொன்னதே நீங்கதானுங்களே டீச்சர்" என்றது ஒரு குரல். கணக்கர் அந்தப் பக்கம் திரும்பி முறைத்தார். நான் சொன்னேன்: "ஆமா, சொன்னேன். திமிர்ல சொன்னேன். இப்ப கேக்கிறேன்."

நாட்டாமைக்குச் சங்கடமாகிவிட்டது. "நீ நன்கொடையாக் குடும்மா. நோட்டீஸ்ல உபயம்னு உன் பேரை முழுசாப் போட்டுருவோம். வரிய விடப் பெருசாவே தெரியும்."

"நன்கொடை வேண்டாங்க. வரி."

"சரி, உன் கொழுந்தன் பேருல சேத்து எழுதிக்கிறோம்."

"அவரு தனித் தலைக்கட்டு. நாங்க தனி."

நாட்டாமை நாற்காலியை என் பக்கம் இழுத்துப் போட்டுக்கொண்டார். "அப்ப ஒண்ணு பண்ணலாம். ஒன் வூட்டுக்காரன் பேரையே எடுக்காம வச்சுக்குவோம். அவன் பேருல நீ கட்டிரு."

வாயில் வந்த வசவை அடக்கிக்கொண்டேன். செத்துப்போனவர் தலைக்கட்டாக இருக்கலாம், உயிரோடு இருக்கிற நான் இருக்கக் கூடாதா? மாதம் பிறந்தால் சம்பளத்தில் பிடிக்கும்போது என் பேரில்தான் பிடிக்கிறார்கள், நான் பெண்ணா ஆணா, புருஷன் இருக்கிறானா என்று அந்தப் பாழாய்ப்போன வருமான வரிக்காரர்கள் ஒருநாளும் கேட்டதில்லை. இதை அவர்களிடம் சொல்லவும் செய்தேன். "அரசாங்கம் என் தலையை எண்ணுதுங்க. நீங்க எண்ண மாட்டேங்கிறீங்க" என்றேன். இருபத்தாறு வருடமாக நான் திட்டித் தீர்த்த ஒன்றை எனக்குச் சாட்சியாகக் கூப்பிடுவேன் என்று நினைத்ததே இல்லை.

அப்போதுதான் ஒரு கை என் தோளைத் தொட்டது. முந்திரி உடைக்கும் வேலைக்குப் போகிற ஓர் அக்கா. என்னைவிடப் பத்து வயது பெரியவர். அவருக்கும் புருஷன் இல்லை, இரண்டும் பெண்கள். கோயில் வாசலில் நின்று கேட்டுக்கொண்டிருந்திருக்கிறார். முந்திரிக்கொட்டையின் பால் பட்டு விரல் நுனியெல்லாம் கறுத்திருந்தது. என்னை இரண்டடி தள்ளிக் கூட்டிக்கொண்டுபோய்த் தணிந்த குரலில் பேசினார்.

"டீச்சரு, நீ கேக்குறது நாயம்தான். ஆனா உனக்குப் போட்டா எனக்கும் போடுவாங்கள்ல? இந்த ஊர்ல எங்களாட்டம் பதினோரு வூடு இருக்கு. உனக்கு மாசமானா சம்பளம் வருது. நாங்க அந்த வரிக்கு எங்கே போவோம்? வரி இல்லங்கிறதாலதான் திருவிழாவுக்கு யாருக்கும் பதில் சொல்லாம நிக்கிறேன். அதக் கெடுத்துடாத தாயி."

நான் அவர் கையைப் பிடித்துக்கொண்டேன். எனக்குச் சுமையாக இருந்தபோது தூக்கிப் போடப் பார்த்தேன். இப்போது எனக்கு வேண்டும் என்றதும் எல்லோர் தலையிலும் ஏற்றப் பார்க்கிறேன். வெட்கமாக இருந்தது. அவ்வளவு தூரம் புழுதி தின்று வந்திருந்தும் அப்படியே திரும்பிப் போய்விடலாம் என்று தோன்றியது. கைப்பையை எடுத்துக்கொண்டு கிளம்பவும் செய்தேன்.

"இரும்மா" என்றார் நாட்டாமை. அந்த அக்கா பேசியதில் பாதி அவர் காதில் விழுந்திருக்க வேண்டும். தங்களுக்குள் கொஞ்ச நேரம் பேசிக்கொண்டார்கள். பிறகு கணக்கர் எழுந்து ஊர் முடிவைச் சொன்னார். ஆண் இல்லாத வீட்டுக்கு வரி இல்லை என்பது அப்படியே இருக்கும். கட்டுகிறேன் என்று தானாக வருகிறவர்களிடம் அவர்கள் பேரிலேயே வாங்கிக்கொள்வார்கள், மைக்கில் வாசிப்பார்கள். கட்டாவிட்டாலும் யாரும் ஒன்றும் கேட்க மாட்டார்கள். "இஷ்டம் இருந்தா கட்டலாம், இல்லாட்டி விட்றலாம். சரிங்களா டீச்சர்?"

அக்கா சரி என்று தலையை ஆட்டினார். அதற்குமேல் நான் என்ன கேட்க முடியும்? கவரைக் கொடுத்தேன். வரிசையில் இடம் இல்லை என்று நோட்டின் கடைசிப் பக்கத்தில், தனியாக, என் பேரை எழுதினார் கணக்கர். அந்த நோட்டில் முதல் தடவையாக ஒரு பெண்ணின் பேர். ரசீது கிழித்துக் கொடுத்தார். எல்லோரும் ஒரு பெரிய வேலை நல்லபடியாக முடிந்ததுபோல எழுந்தார்கள்.

நான் மட்டும் உட்கார்ந்திருந்தேன். இஷ்டம் இருந்தால் கட்டு, இல்லாவிட்டால் விட்டுவிடு. என் வாழ்நாள் முழுவதும் அரசாங்கத்திடம் நான் எதைக் கேட்டேனோ, அதே வார்த்தையை ஊர் எனக்குக் கொடுத்திருந்தது. கையில் வாங்கிப் பார்த்தால் அதில் ஒன்றுமே இல்லை. நான் கட்டாமல் விட்டால் ஏன் கட்டவில்லை என்று கேட்க ஓர் ஆள் இல்லை.

கணக்கர் நோட்டைப் பையில் வைத்துக்கொண்டு அன்பாகத்தான் சொன்னார்: "இனிமே இதுக்காக நீங்க பஸ் ஏறி வர வேணாங்க டீச்சர். அடுத்த வருஷம் ஃபோன்லயே அனுப்பிவுட்ருங்க. நாங்களும் அம்மாந் தூரம் வந்து உங்களத் தொந்தரவு பண்ண மாட்டோம்."

"பெரம்பலூருக்கு வருவீங்கள்ல, பங்காளி வீட்டுக்கு?" என்றேன்.

"அது வருவோம். அங்க வரி இருக்குல்ல."

"அப்ப எங்க வீட்டுக்கும் வரணும்" என்றேன். "வந்து கதவைத் தட்டணும். வரி கட்டுங்கன்னு கேக்கணும். நான் முடியாது, பூட்டின வீட்டுக்கு எதுக்கு வரின்னு கத்துவேன். நீங்க திரும்பியும் கேக்கணும்."

வேடிக்கையாகச் சொல்கிறேன் என்று நினைத்து அவர் சிரித்தார். பிறகு என் முகத்தைப் பார்த்தார். சிரிப்பை நிறுத்திவிட்டு, அந்தக் கடைசிப் பக்கத்தைத் திரும்பவும் திறந்தார்.